முதல் தடவை கவுன்சலிங்: ஒரே முறைக்காரரிடமா, கலந்து செய்பவரிடமா?

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு போன் வந்தது. "மேடம், நீங்க சி.பி.டி. பண்றவங்களா, இல்ல எல்லாம் கலந்து பண்றவங்களா?" எடுத்த எடுப்பில் இதுதான் கேள்வி. சி.பி.டி. என்பது எண்ணத்தையும் நடத்தையையும் பிடித்து மாற்றப் பார்க்கும் ஒரு பேச்சுச் சிகிச்சை முறை. நான் கோயம்புத்தூரில் கவுன்சலிங் ஆரம்பித்த நாட்களில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எத்தனை சிட்டிங் வர வேண்டும், மாத்திரை தருவீர்களா, வீட்டில் யாருக்கும் தெரியாதே என்பதோடு சரி. இப்போது போனில் படித்துவிட்டு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். மனசைத் திறந்து காட்டப்போகும் இடத்தை விசாரிக்க வேண்டாமா?

அவர் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது, அதனால் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் கலந்து செய்கிற ஆள். புதிதாக வருகிறவரிடம் ஒரே முறையைப் பிடித்துத் தொங்காமல், பல இடங்களிலிருந்தும் எடுத்து, வீட்டில் செய்து பார்க்கக்கூடிய பயிற்சிகளாகக் கொடுப்பது என் வழக்கம். ஆகவே நான் நடுநிலைக்காரி இல்லை. ஆனால் என் முறை எங்கே வழுக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மனநலம் படித்தவர். இங்கே நான் சொல்லப்போகும் மூன்று வகையினரில் மருந்து எழுதக்கூடியவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கவுன்சலர் என்ற பெயருக்கு நெடுநாளாக அப்படி ஒரு காவல் இருந்ததில்லை. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று எங்களையும் ஒரு பட்டியலுக்குள் சேர்த்திருக்கிறது என்றாலும், எங்கே படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள், இப்போதும் யாரிடமாவது கேட்டுக்கொள்கிறீர்களா என்று நீங்களே விசாரித்துவிடுவது நல்லது. சரி, இனி முறைகள்.

சி.பி.டி. என்ற நேர்க்கோடு

1960-ஐ ஒட்டிய வருடங்களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காரர்களின் கனவுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளே அமுக்கிய கோபம்தான் மனச்சோர்வு என்ற ஃப்ராய்டு வழிக் கருத்தை நிரூபிக்க நினைத்தவர் அவர். கனவில் கோபம் கிடைக்கவில்லை. தோல்வியும் இழப்பும்தான் கிடைத்தன. நோயாளிகளின் விழிப்பிலும் அதே ஓட்டம்: 'எனக்கு எதுவும் சரியா வராது', 'என்னால எல்லாருக்கும் தொந்தரவு'. அந்த ஓட்டத்தைப் பிடித்து, அது உண்மைதானா என்று நோயாளியோடு சேர்ந்தே சோதிப்பதில் பிறந்ததுதான் இன்றைய சி.பி.டி.

இதன் பெரிய பலம், இதற்கு ஒரு முடிவு உண்டு என்பது. பெரும்பாலும் 12-லிருந்து 20 செஷனுக்குள் முடிகிற கணக்கு. ஒவ்வொரு வாரமும் இன்று என்ன பேசப்போகிறோம் என்று முதலிலேயே தீர்மானிப்பார்கள், ஹோம்வொர்க் தருவார்கள், அடுத்த வாரம் அதைக் கேட்பார்கள். டியூஷன் மாதிரி இருக்கிறது என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற குடும்பத்துக்கு எப்போது முடியும் என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

இடறுவது ஒரு இடத்தில். எண்ணம் வேறு, உணர்ச்சி வேறு என்று பிரித்தால்தான் இந்த முறை ஓடும். நம் பேச்சில் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. "அப்போ என்ன நினைச்சீங்க?" என்று கேட்டால் "ரொம்ப கஷ்டமா இருந்துச்சு" என்று பதில் வரும். 'தோணுச்சு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வேலை செய்துவிடுகிறது. கட்டம் போட்ட தாளைக் கொடுத்து இந்தப் பத்தியில் எண்ணம், அந்தப் பத்தியில் உணர்ச்சி என்று எழுதச் சொன்னால், இரண்டாவது வாரம் தாள் வெறுமையாக வரும், மூன்றாவது வாரம் ஆளே வரமாட்டார். "மனசுக்குள்ள என்ன ஓடுச்சு? அது ஒரு ஆள் மாதிரி பேசினா என்ன வார்த்தை சொல்லியிருக்கும்?" என்று கேட்டால் டக்கென்று வந்துவிடும். தாளை அப்படியே மொழிபெயர்த்து வைத்திருக்கிறவரா, கேள்வியை உங்கள் பேச்சுக்கு மாற்றிக் கேட்கத் தெரிந்தவரா என்பது முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

டி.பி.டி.: பாதிதான் கிடைக்கிறது

டி.பி.டி., அதாவது டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, இப்போது ரீல்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. தற்கொலை எண்ணத்தோடும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தோடும் வந்த பெண்களுக்கு அவர் முதலில் நடத்தை மாற்ற முறைகளைத்தான் முயன்றார். மாற்று, மாற்று என்று சொல்லச் சொல்ல, 'அப்போ தப்பெல்லாம் என் மேலதானா' என்று அவர்கள் விலகினார்கள். வெறுமனே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தாலும் துன்பம் குறையவில்லை. ஜென் என்ற பௌத்த தியானப் பயிற்சியிலிருந்து எடுத்த ஏற்பையும் நடத்தைப் பயிற்சியையும் அவர் இணைத்தார். சிகிச்சைக் கையேடு 1993-இல் வந்தது. தானும் இளம் வயதில் அதே வேதனையோடு மனநல மருத்துவமனையில் கிடந்தவள் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

முழு டி.பி.டி. என்றால் நான்கு கால்: வாரம் ஒரு தனிச் செஷன், வாரம் ஒரு குழுப் பயிற்சி வகுப்பு, நெருக்கடியில் போனில் வழிகாட்டுதல், சிகிச்சை தருகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் குழு. வகுப்பில் கற்றுத்தருவதும் நான்கு: கவனத்தை இந்த நொடியில் நிறுத்துவது, தாங்க முடியாத நேரத்தைத் தாண்டுவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவைக் கெடுக்காமல் கேட்பதும் மறுப்பதும். இதற்கு ஒரு குழுவே வேண்டும், மாதக்கணக்கில் காலமும் வேண்டும். நம் ஊர்களில் டி.பி.டி. என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது அந்தப் பயிற்சிகள் மட்டும்தான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. லினஹனின் குழுவே 2015-இல் முறையைப் பிரித்துப் போட்டுச் சோதித்தபோது, பயிற்சி வகுப்பு சேர்ந்திருந்த வடிவங்கள்தான் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் கூடுதலாகக் குறைத்தன. என் மேசை இழுப்பறையில் இருப்பதில் பாதி அங்கிருந்து எடுத்ததுதான்.

ஆனால் கையைக் கீறிக்கொள்ளும் பழக்கமோ சாகலாம் என்ற எண்ணமோ அடிக்கடி வருகிறவருக்குப் பாதி டி.பி.டி. போதாது. முழுமையாகத் தருகிற இடத்தையோ, குறைந்தபட்சம் ஒரு மனநல மருத்துவரையும் சேர்த்தோ பார்க்க வேண்டும். அந்த எண்ணம் இப்போதே இருந்தால் முறை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்பது டெலி மனஸ் எண். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள்

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் வழியில் வந்தவர்கள் அறிவுரை சொல்ல மாட்டார்கள், ஹோம்வொர்க் தர மாட்டார்கள். எடைபோடாமல், நடிக்காமல், உங்கள் இடத்தில் நின்று கேட்பதே மருந்து என்பது அவர் 1957-இல் எழுதிய கருத்தின் சாரம். துக்க வீட்டிலிருந்து வருகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. அம்மா போய் மூன்று மாதம் ஆன ஒருவரிடம் எண்ணத்தை எழுதும் தாளை நீட்டுவது அபத்தம்.

மற்றபடி, முதல் தடவை வருகிற நம்மவர்களுக்கு இது கொஞ்சம் திகைப்பாக இருக்கும். "பேசினேன், தலையாட்டினாங்க, ஃபீஸ் வாங்கினாங்க" என்று ஒருவர் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார். டாக்டரிடம் போனால் சீட்டாவது கையில் கிடைக்க வேண்டும் என்று பழகியவர்கள் நாம். சின்ன வயதிலிருந்து வரும் உறவுத் தழும்புகளைத் தோண்டும் நீண்டகாலச் சிகிச்சையும் இருக்கிறது. காலமும் பணமும் இருந்து, 'ஏன் நான் எப்போதும் இதே மாதிரி ஆளிடம் மாட்டிக்கொள்கிறேன்' என்ற கேள்வி அரித்துக்கொண்டிருந்தால் அது சரி. இன்று ராத்திரி தூங்க வேண்டும் என்பவருக்கு அது தூரத்துத் தண்ணீர்.

கலந்து செய்வது என்றால் என்ன செய்வது?

ஒரு உதாரணம். ஆளை மாற்றி, மூன்று நான்கு பேரை ஒருவராகக் குழைத்துத்தான் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், 36 வயது. நெஞ்சு படபடக்கிறது என்று மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். தைராய்டும் பார்த்தாயிற்று. டாக்டர்தான் "டென்ஷனைக் குறைங்க, யார்கிட்டயாவது பேசுங்க" என்று அனுப்பியிருக்கிறார். அப்பா இல்லை. அண்ணன் வாங்கிய கடனுக்கு இவர் வட்டி கட்டுகிறார். மனைவிக்குப் பாதிதான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கால்குலேட்டரை எடுத்துக்கொள்கிறார்.

இவருக்கு எந்த முறை? எண்ணம் பிசகா? கடன் உண்மையிலேயே இருக்கிறதே, அதில் பிசகு எங்கே இருக்கிறது? வெறுமனே கேட்டால் போதுமா? பேசிவிட்டுப் போகிற பஸ்ஸிலேயே அண்ணன் போன் வந்துவிடும். இப்படிப்பட்டவருக்குத்தான் கலவை.

அர்னால்ட் லாசரஸ் என்றொரு உளவியலாளர் இருந்தார், தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். எந்தக் கொள்கையிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, பலன் தரும் உத்தியை எடுத்துக்கொள், அந்தக் கொள்கையையும் சேர்த்துத் தலையில் சுமக்க வேண்டியதில்லை என்று 1967-இலேயே சொன்னவர். வருகிறவரை ஏழு இழுப்பறையாகப் பார்க்கச் சொன்னார்: செயல், உணர்ச்சி, உடம்பில் தெரிவது, மனக்கண்ணில் ஓடும் காட்சி, எண்ணம், உறவு, பிறகு மருந்தும் உடல்நலமும். எந்த இழுப்பறை முதலில் திறக்கிறது, அது அடுத்து எதைத் தள்ளுகிறது என்று பார்த்துத்தான் எங்கே கை வைப்பது என்று முடிவு செய்வார்.

திருப்பூர்க்காரருக்கு முதல் நாள் நான் செய்வது: கதையைக் கேட்கிறேன், அவசரப்படுத்துவதில்லை. சாகலாம் என்று தோன்றியதா என்று நேராகக் கேட்கிறேன். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பச் சொல்கிறேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, மொத்தம் 27 மதிப்பெண். இங்கே குறைய எடுப்பதுதான் நல்லது. 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7 என்ற இன்னொரு தாள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் படம் போடுகிறேன். அண்ணன் போன், நெஞ்சு படபடப்பு, 'ஹார்ட் அட்டாக்கோ' என்ற எண்ணம், இன்னும் படபடப்பு, தூக்கம் போவது, மறுநாள் கணக்கில் தப்பு, மேனேஜர் முகம், மறுபடி படபடப்பு. வட்டமாக வருகிறது பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு நிமிடம் பேச்சே வராது. தான் பைத்தியம் இல்லை, மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று புரிகிற நிமிடம் அது.

வீட்டுக்குக் கொண்டுபோக அன்றே ஒரு பயிற்சி உண்டு. மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, காலை மாலை ஐந்து நிமிடம், படபடப்பு இல்லாத நேரத்தில். ஏன் முதல் நாளே? இன்னொரு தடவை வருவார் என்று யார் சொன்னது? கலிபோர்னியாவில் மோஷே டால்மன் என்ற உளவியலாளர் ஒரு பெரிய மருத்துவ அமைப்பின் பதிவேடுகளைப் பார்த்தபோது, நோயாளிகள் வந்த தடவைகளில் மிக அதிகமாகக் காணப்பட்ட எண் ஒன்று. ஒரே ஒரு தடவை. திருப்பூரிலிருந்து அரைநாள் பர்மிஷன் போட்டு வருகிறவருக்கும் அதே நிலைதான். வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது, மூன்றாவது செஷனில் கடனைத் தாளில் இறக்குகிறோம். கையில் இருப்பது எது, கையில் இல்லாதது எது. இது பிரச்சினை தீர்க்கும் பயிற்சி. எந்த ஜென்னும் வேண்டாம். அடுத்ததுதான் கடினம்: அண்ணனிடம் பேசுவது. டி.பி.டி.யில் இதற்கு நல்ல பயிற்சி இருக்கிறது, ஆனால் அமெரிக்க வாக்கியத்தை அப்படியே கொண்டுவந்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். மூத்தவரிடம் 'முடியாது' என்ற சொல்லே இங்கே ஒரு அடி. அதனால் ஒத்திகை பார்க்கிறோம், நான் அண்ணன், அவர் அவரே. "அண்ணா, நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொன்னதில்ல. இந்த மாசத்துலேர்ந்து எட்டாயிரத்துக்கு மேல என்னால ஆகாது. மீதிக்கு என்ன வழின்னு சேர்ந்து உட்கார்ந்து பேசலாம், ஞாயித்துக்கிழமை வரேன்." நாலு தடவை சொல்லிப் பார்ப்பார், மூன்று தடவை குரல் உடையும். ஐந்தாவது தடவை அவரே ஒரு வரியை மாற்றுவார். அது என் வரியைவிட நன்றாக இருக்கும்.

நான்காவது செஷனில் நிறுத்திக் கணக்குப் பார்ப்பது என் விதி. தாளை மறுபடி நிரப்பச் சொல்வேன். பி.எச்.க்யூ.வில் 5 குறைந்திருந்தால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். குறையவில்லை என்றால் படம் தப்பு, அல்லது பயிற்சி தப்பு, அல்லது ஆள் தப்பு. ஆள் என்றால் என்னைச் சொல்கிறேன்.

இப்படிப் பயிற்சிகளைக் கோத்துக் கொடுப்பது ஏதோ என் சொந்தச் சமையல் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே அப்படி ஒரு கலவையைக் கட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரமாக ஐந்து செஷன். மூச்சு, பிரச்சினை தீர்ப்பது, விட்டுப்போன வேலைகளை மறுபடி தொடங்குவது, துணைக்கு ஆள் சேர்ப்பது என்று நான்கு பயிற்சி. பாகிஸ்தானில் பெஷாவரில் சோதித்த முடிவு 2016-இல் வெளிவந்தது. கற்றுத்தந்தவர்கள் மனநல நிபுணர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பதற்றமும் சோர்வும் குறைந்தன.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு கோவாவை மறைப்பது நியாயம் இல்லை. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழு கடுமையான மனச்சோர்வுக்காரர்களுக்கு ஆறிலிருந்து எட்டு செஷன் கொடுத்தது. கொடுத்தவர்கள் அங்கேயும் சாதாரண ஆட்கள்தான். உத்தி கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று: முடங்கிக் கிடப்பவரைச் சின்னச் சின்னச் செயல்கள் வழியாக மறுபடி நடக்க வைப்பது. அதுவும் பலன் தந்தது. ஆக, நிறையக் கலந்தால் நிறைய நல்லது என்று எந்தக் கணக்கும் இல்லை. ஒரு உத்தியை ஒழுங்காகச் செய்தவர், ஏழு உத்திகளை அரைகுறையாகச் செய்தவரை ஜெயித்துவிடுவார்.

எல்லா முறையும் ஒன்றுதானா?

இந்தச் சண்டை பழையது. 1936-இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர், முறைகள் வேறாக இருந்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறதே, பொதுவாக ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று எழுதினார். அந்தப் பொதுவான ஒன்று என்ன என்பதற்கு 1979-இல் எட்வர்ட் போர்டின் சொன்னது எனக்குப் பிடிக்கும். எங்கே போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து, அதற்கு என்ன செய்கிறோம் என்பதிலும் ஒத்த கருத்து, நடுவில் ஒரு நம்பிக்கை. மூன்றும் இருந்தால் உறவு வேலை செய்யும்.

தூய முறை என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருவதும் உண்டு. சி.பி.டி.யே எண்ணத்தைப் பார்த்தவர்களும் நடத்தையைப் பார்த்தவர்களும் செய்துகொண்ட கலப்புக் கல்யாணம். டி.பி.டி.யில் ஜென் இருக்கிறது. இன்றைய தூய முறை நேற்றைய கலவைதான்.

இங்கேயே நிறுத்தினால் என் கட்சி ஜெயித்துவிடும். நிறுத்த முடியாது. எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஒரு தோல்வியைச் சொல்ல வேண்டும்.

கை கழுவும் பெண் ஒருவர் வந்தார். கேஸ் அடுப்பைத் தொட்டால் கழுவ வேண்டும், பால் பாக்கெட்டைத் தொட்டால் கழுவ வேண்டும், தோல் வெடித்திருந்தது. நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். மூச்சுப் பயிற்சி. மனதை நிதானப்படுத்துவது. மாமியாரோடு பேசுவது. அவருக்கு என்னைப் பிடித்திருந்தது, ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். நான்கு மாதம். கழுவுவது குறையவில்லை. ஒருநாள் அவரே சொன்னார், "மேடம், இப்ப கழுவிட்டு மூச்சும் விடறேன்." நான் கற்றுத்தந்த பயிற்சி அவருடைய சடங்கில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

இப்படி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் ஓ.சி.டி.க்குத் தேவை நிதானம் இல்லை. பயப்படுகிற பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல், அந்தப் பதற்றம் தானாக இறங்குகிற வரை உட்காரும் பயிற்சிதான் தேவை. லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் இரண்டு பேருக்குச் செய்து பதிவிட்டதிலிருந்து வளர்ந்த வழி, ஈ.ஆர்.பி. என்பார்கள். அது கற்றவர் செய்ய வேண்டிய வேலை. கூடவே பல நேரம் மருந்தும் வேண்டியிருக்கும். பதற்றத்தை உடனே தணிக்கும் எந்த உத்தியும் அங்கே எதிரி. ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அன்று பல வேரைக் கையில் வைத்துக்கொண்டு தப்பான வேரை அரைத்தேன்.

இதே கதை பேனிக் அட்டாக்கிலும் கொஞ்சம் உண்டு. மூச்சுப் பயிற்சியால் பிழைத்தேன் என்று ஒருவர் நம்பத் தொடங்கினால், அந்தப் படபடப்பு ஆபத்தே இல்லை என்று கற்றுக்கொள்ள மாட்டார். அதனால் அதில் தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே நாற்காலியில் சுற்றச் சொல்லியும், ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்லியும் படபடப்பை வரவழைத்துக் காட்டுவார்கள். மாதக்கணக்கில் தூக்கம் வராதவருக்கும் 'காபி குடிக்காதீங்க, போனைத் தள்ளி வைங்க' என்பது போதாது. படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைத்துத் தூக்கத்தைக் கெட்டிப்படுத்தும் தனி முறை இருக்கிறது. விபத்து, வன்முறை போன்றவற்றின் நினைவு திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறவர்களுக்கும் அப்படித்தான், தனி முறை வேண்டும்.

ஆகவே என் கணக்கு இப்படி. பெயர் வைக்கக்கூடிய, கூர்மையான ஒரு தொல்லை இருந்தால், அந்தப் பெயருக்கு உரிய முறையை முறைப்படி கற்றவரைத் தேடுங்கள், நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வீடியோவில் பேசலாம். குடும்பம், வேலை, உடம்பு, கடன் எல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கி, எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் வருகிறீர்கள் என்றால் கலந்து செய்கிறவர். பெரிய இழப்பு என்றால் கேட்கத் தெரிந்தவர்.

கலந்து செய்கிறவரை எப்படிச் சோதிப்பது?

கலந்து செய்கிறவர்கள் போர்டில் போடும் இன்டகிரேட்டிவ் என்ற சொல்லுக்குப் பின்னால் எதையும் ஒளித்து வைக்கலாம் என்பதுதான் இந்த வகையின் பெரிய ஆபத்து. ஒரு வாரம் கலர் பென்சில், அடுத்த வாரம் தியானம், அதற்கடுத்த வாரம் 'உங்க உள்ளே இருக்கும் குழந்தை' என்று போய்க்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் கேளுங்கள். எனக்கு இந்தப் பயிற்சி ஏன் என்று கேட்டால், உங்கள் கதையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கும், எல்லாருக்கும் கொடுக்கிறேன்" என்பது பதில் இல்லை. சரியாகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள், எப்போது மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். வாரமோ எண்ணோ ஒன்று வர வேண்டும். நீங்கள் எந்தப் பிரச்சினையை எடுக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். எல்லாம் எடுப்பேன் என்பவரிடம் நான் என் தங்கையை அனுப்ப மாட்டேன்.

ஃபீஸைக் கேட்கும்போது ஒரு செஷனுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் மொத்தமாகக் கேளுங்கள். 1,500 ரூபாய் வாங்கி எட்டு செஷனில் முடிப்பவர், 600 வாங்கி இரண்டு வருடம் இழுப்பவரைவிடச் சகாயம். பஸ் செலவையும் அரைநாள் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டம் இருக்கும், ஆனால் காசு பெரிதாகப் போகாது. மொழியையும் விட்டுவிடாதீர்கள். அழுகிறபோது எந்த மொழியில் பேசுவீர்களோ அதில் பேசத் தெரிந்தவர் வேண்டும்.

ஈரோட்டுக்காரருக்கு என்ன சொன்னேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். முறையைப் பற்றி அவர் கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை, எதற்காக வரப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம், கொஞ்சம் டென்ஷன், வீட்டுல சின்னச் சின்னப் பிரச்சினை" என்றார். கலவைக்கு ஏற்ற ஆள் என்று டைரியைத் திறந்தேன். அதற்குள், காலையில் ஆபீசுக்கு லேட் ஆகிறது, அதில்தான் மனைவியோடு சண்டை என்றார். ஏன் லேட் ஆகிறது?

"கேட்டைப் பூட்டிட்டு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேன் மேடம். அஞ்சாறு தடவை. இப்ப பூட்டை போட்டோ எடுத்துக்கறேன், ஆபீஸ் போய் அதைப் பாத்துக்குவேன். இன்னைக்கு எடுத்த போட்டோதானான்னு அப்புறம் டவுட் வரும்."

ஒரு நாளைக்கு எத்தனை போட்டோ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. போன் மெமரி நிரம்பிவிட்டது என்றார்.

டைரியை மூடிவிட்டு, ஈ.ஆர்.பி. கற்ற ஒரு சைக்காலஜிஸ்டின் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்ப நீங்க சி.பி.டி. இல்லையா மேடம்?" என்றார். இல்லை, உங்களுக்கு இல்லை என்றேன்.